ஏழு தண்ணீர் கழுவிய கற்றாழை

ஈச்சங்குளத்தின் கரையில் கரியாத்தா என்ற எருமை இருந்தது. கரியாத்தாவின் முதுகில் தும்பையன் என்ற கொக்கு இருந்தது. மூன்று கோடைகளாக இதுதான் ஏற்பாடு. முதுகில் ஏறும் உண்ணியையெல்லாம் தும்பையன் பொறுக்கித் தின்னும். தூரத்தில் ஏதாவது அசைந்தால், "அக்கா, தலையைத் தூக்கு" என்று எச்சரிக்கும். மீதி நேரமெல்லாம் ஊர்க்கதைதான். கரியாத்தாவுக்கு வேறு துணை கிடையாது. வேண்டும் என்று அது நினைத்ததும் இல்லை.

அந்த வருஷம் வெயில் கொளுத்தித் தள்ளியது. சித்திரை பிறப்பதற்கு முன்பே குளம் வற்றிவிட்டது. சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. பாறை இடுக்கில் நூல்போல ஒழுகும் ஊற்று ஒன்றுதான் மிச்சம். அதன் கீழே அண்டா அளவுக்கு ஒரு குழி. காட்டில் இருக்கிற அத்தனை வாயும் அதில்தான் குடிக்க வேண்டும். அதனால் குழிக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு.

எருமைக்குச் சேறுதான் சட்டை. சட்டை இல்லாமல் பதினைந்து நாள் அந்த வெயிலில் நின்றால் என்ன ஆகும்? கரியாத்தாவின் முதுகு கன்றியது. பிறகு தோல் உரிந்தது. பிறகு எரிய ஆரம்பித்தது. ஈ உட்கார்ந்தால்கூட உயிர் போய் உயிர் வந்தது.

ஒரு நாள் காலையில் தும்பையன் வழக்கம்போலப் பறந்து வந்து முதுகில் இறங்கியது.

"ஐயோ!" என்று கரியாத்தா போட்ட சத்தத்தில் அது வந்த வழியே மரத்துக்குத் திரும்பிவிட்டது.

"என்னக்கா இது? நான் என்ன பாறாங்கல்லா? என் கால் ரெண்டும் குச்சி மாதிரிதானே இருக்கு?"

"அந்தக் குச்சிதான்டா குத்துது. முதுகுல கால் வைக்காதே."

"கால் வைக்காம எப்படி உண்ணி பொறுக்குறது? பறந்துக்கிட்டேவா?"

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும் அதே கதை. நான்காம் நாள் தும்பையன் மரக்கிளையில் இருந்தபடியே தொண்டையைச் செருமிக்கொண்டது.

"அக்கா, கோவிச்சுக்காதே. எனக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கு. கீழக்காட்டுல பெரிய மாட்டு மந்தை வந்திருக்காம். அமாவாசைக்குள்ள உன் முதுகு ஆறலைன்னா நான் அங்கே போயிடுவேன்."

"தாராளமாப் போ" என்று கரியாத்தா வீறாப்பாகச் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டதே தவிர, புல்லில் வாய் வைக்க மனம் வரவில்லை. உண்ணி கடித்தால் கடித்துவிட்டுப் போகட்டும். தும்பையன் இல்லாத முதுகை நினைத்தபோதுதான் அதற்கு அழுகை வந்தது. அமாவாசைக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது செவலி என்ற முயல். ஊற்றுப் பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு சோற்றுக்கற்றாழைப் புதர். மடல் மடலாக, ஓரமெல்லாம் முள்ளாக அடர்ந்து கிடக்கும். அதன் நடுவில்தான் செவலி இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. பார்க்க அழகான வீடு என்று சொல்ல முடியாது. ஆனால் நரி உள்ளே வராது. குட்டிகள் வைத்திருக்கும் ஒரு தாய்க்கு வேறென்ன அழகு வேண்டும்?

செவலி வெளியே வந்து எருமையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது.

"இதுக்கா இவ்வளவு கவலைப்படுறே? என் வீட்டுச் சுவரே உனக்கு மருந்து அக்கா. மடலுக்குள்ள வழவழன்னு சோறு இருக்கும். அதைத் தடவினா எரிச்சல் அடங்கும், தோலும் ஆறும். என் மூத்தவன் பாறைச் சூட்டுல பாதத்தைப் பொசுக்கிக்கிட்டப்ப அதைத்தான் போட்டேன். இப்ப அவன் ஓடுற ஓட்டத்தைப் பாரு, என்னாலேயே பிடிக்க முடியல."

"அப்படின்னா இப்பவே கொடு" என்றது கரியாத்தா.

"இப்பவே மேய்றதுக்கு அது என்ன புல்லா? மடலை அறுத்ததும் மஞ்சளா ஒரு பால் வடியும். அது பொல்லாதது. தோல்ல பட்டா அரிக்கும். நாக்குல பட்டா கசக்கும். உள்ளே போனா வயித்தைக் கலக்கிடும். அறுத்த பக்கம் கீழே இருக்கிற மாதிரி சாய்ச்சு வச்சு, அந்தப் பால் முழுக்க வடிய விடணும். அப்புறம் தோலைச் சீவி, உள்ளே இருக்கிற சோத்தை ஏழு தண்ணி கழுவணும். அதுக்கப்புறம்தான் உடம்புல படணும்."

"ஏழா? ரெண்டு போதாது?"

"ஏழு" என்றது செவலி.

சொன்னதோடு நிற்காமல் நன்றாக முற்றிய மடல்களாகப் பார்த்து ஐந்தைப் பல்லால் அறுத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் வாயை மணலில் துடைத்துக்கொண்டது. ஐந்தையும் பாறையில் வரிசையாகச் சாய்த்து வைத்தது.

"இந்தப் பாறையோட நிழல் சாயங்காலம் அந்த ஈச்சமரத்தைத் தொடும். அப்ப நான் வர்றேன். அதுவரைக்கும் பொறுத்துக்க."

"கழுவுறதும் தடவுறதும் என் பொறுப்பு. அதுக்குத்தானே இவ்வளவு நீள அலகு வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தும்பையன் வெட்டுக்கிளி பிடிக்கப் பறந்தது. செவலி குட்டிகளுக்குப் பால் கொடுக்கப் போனது.

கரியாத்தா மட்டும் தனியாக நின்றது. பாறையைப் பார்த்தது. நிழலைப் பார்த்தது. ஈச்சமரத்தைப் பார்த்தது. நிழல் நகர்கிற மாதிரியே தெரியவில்லை. முதுகோ தீயாய் எரிந்தது.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது நரி. வந்து சேர்ந்தது என்று சொல்வதுகூடத் தவறு. காலையிலிருந்தே அது பாறைக்குப் பின்னால் படுத்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கற்றாழைப் புதருக்குள் நுழைய நான்கு முறை முயன்று நான்கு முறையும் மூக்கைக் கிழித்துக்கொண்ட நரி அது.

"என்ன மதினி, இந்த வெயில்ல நின்னுக்கிட்டு?"

"நிழல் அந்த மரத்தைத் தொடணுமாம். காத்துக்கிட்டிருக்கேன்."

"யாரு சொன்னா?"

"செவலி."

நரி உச்சுக் கொட்டியது. "வெள்ளந்தியா இருக்கியே மதினி. உன் உடம்பு என்ன, அந்த அஞ்சு மடல் என்ன? உன் ஒரு காதுக்குக் காணுமா? புதர் நிறைய மருந்தை வச்சுக்கிட்டு உனக்கு அஞ்சே அஞ்சு கிள்ளிக் கொடுத்திருக்கா. ஏன்? வீடு குறைஞ்சிடுமேன்னு பயம். பால் வடியணும், தோல் சீவணும், ஏழு தண்ணி கழுவணும், எல்லாம் சாக்கு. முயல் தோலுக்கு வேணும்னா அது அரிக்கும். உன் தோலை அந்தப் பால் என்ன பண்ணும்?"

"அப்போ என்ன செய்யச் சொல்றே?"

"சேத்துல எப்படிப் புரளுவே? அப்படியே அந்தப் புதர்ல படுத்துப் புரளு. ஒரு நிமிஷ வேலை."

சேறு என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், கரியாத்தாவுக்கு நிழலும் மறந்தது, மரமும் மறந்தது, செவலி சொன்னதும் மறந்தது. எத்தனை நாளாயிற்று புரண்டு! தடதடவென்று ஓடிப்போய் அந்தப் பெரிய உடம்பைக் கற்றாழைப் புதரில் சாய்த்தது. இந்தப் பக்கம் ஒரு புரளல், அந்தப் பக்கம் ஒரு புரளல். மடல்கள் சடசடவென்று முறிந்தன.

முதல் மூச்சுக்கு ஜில்லென்றுதான் இருந்தது. இரண்டாவது மூச்சில் முள் தைத்தது. மூன்றாவது மூச்சில் மஞ்சள் பால் உரிந்த தோலில் ஊறியது. எரிச்சலோடு அரிப்பும் சேர்ந்துகொண்டது. கரியாத்தா கத்திக்கொண்டு எழுந்தது.

அதே நொடியில் நசுங்கிய புதரிலிருந்து செவலியும் மூத்த குட்டியும் அலறிக்கொண்டு வெளியே பாய்ந்தன. ஓடி ஒளிய வேறு புதர் இல்லை. நேராக எருமையின் வயிற்றுக்குக் கீழே புகுந்துகொண்டன. சின்னக்குட்டி மட்டும் ஒரு மடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. நரி வாயைப் பிளந்துகொண்டு அதன்மேல் பாய்ந்தது.

அப்போதுதான் கரியாத்தாவுக்கு எல்லாம் விளங்கியது. தன் முதுகை வைத்து நரி யாருடைய வீட்டை உடைத்திருக்கிறது என்று விளங்கியது.

அவசரத்தில் நரி கவ்வியது குட்டியை அல்ல, முறிந்த மடலை. மஞ்சள் பால் வாய் நிறையப் புகுந்து, தொண்டை வழியாக இறங்கியும் விட்டது. "தூ! தூ!" என்று அது துப்புவதற்குள் சின்னக்குட்டி நழுவி எருமையின் கால்களுக்கு இடையே வந்து சேர்ந்தது.

நரி விடவில்லை. கசந்த வாயோடு எருமையைச் சுற்றிச் சுற்றி வந்தது. கரியாத்தாவுக்கு ஓடிப்போய் மரத்தில் முதுகைத் தேய்க்க வேண்டும்போல் இருந்தது. தரையில் விழுந்து உருள வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஒரு கால் நகர்ந்தாலும் அடியில் இருக்கும் குட்டிகள் மிதிபடும். பொறுமை என்றால் என்னவென்றே அறியாத அந்த எருமை, கண்ணில் நீர் வழிய, நான்கு காலையும் ஊன்றி அசையாமல் நின்றது. கொம்பு மட்டும் நரி போகும் பக்கமெல்லாம் திரும்பியது.

கொஞ்ச நேரத்தில் நரியின் வயிறு கடமுடவென்றது. அதன் முகம் மாறியது.

"மதினி, ஒரு அவசர வேலை. அப்புறம் வர்றேன்" என்று சொல்லி வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு ஓடியது. அடுத்த மூன்று நாளும் அது ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை.

தும்பையன் வெட்டுக்கிளியோடு திரும்பி வந்தது. புதர் கிடந்த கோலத்தைப் பார்த்து அலகிலிருந்த வெட்டுக்கிளியை விட்டுவிட்டது.

"இந்தக் கற்றாழை மருந்தே இல்லைடா, விஷம்" என்று அழுதது கரியாத்தா.

செவலிக்கு வந்ததே கோபம். "கற்றாழை அது பாட்டுக்கு அங்கேதான் இருந்துச்சு. நான் சொன்னதைக் கேட்டியா நீ? என் வீட்டைப் பாரு. என் பிள்ளைங்க இனி எங்கே படுக்கும்?"

கரியாத்தா தலையைத் தொங்கப் போட்டது. "தப்பு என்மேலதான் செவலி. மன்னிச்சுக்க. உன் புதர் திரும்பத் தழையுற வரைக்கும் உன் பிள்ளைங்க என் காலுக்கு நடுவுல படுக்கட்டும். நரி வந்தா நான் பார்த்துக்கறேன்."

செவலி குட்டிகளை நக்கிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தது. "எனக்கு இன்னும் கோபம் போகலை. ஆனா அவ்வளவு அரிப்புலயும் நீ அசையாம நின்னே பாரு, அதையும் நான் பார்த்தேன். போ, முதல்ல உடம்பைக் கழுவு."

நூல் தண்ணீரில் எருமை குளிப்பதென்றால் சும்மாவா? குழியில் கால் வைக்கவும் கூடாது. கரியாத்தா பாறையோடு ஒட்டி நின்றது. தும்பையன் பாறைமேல் நின்று, ஒழுகும் தண்ணீரை அலகில் ஏந்தி ஏந்தி முதுகில் விட்டது. முள்ளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டது. தண்ணீர் குடிக்க வந்த மான்கள், "என்ன அக்கா, கல்யாணக் குளியலா?" என்று கேலி செய்தன.

எல்லாம் முடிந்தபோது பாறையின் நிழல் ஈச்சமரத்தைத் தொட்டிருந்தது. காலையில் சாய்த்து வைத்த ஐந்து மடலும் அப்படியே இருந்தன. மஞ்சள் பால் முழுக்க வடிந்து பாறையில் காய்ந்திருந்தது. செவலி தோலைச் சீவியது. உள்ளே சோறு கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. தும்பையன் அதை எடுத்து ஊற்றில் காட்டிக் காட்டிக் கழுவியது. ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவதில் அதற்குக் கழுத்து வலித்தது.

"போதும்லக்கா? பளபளன்னு இருக்கே."

"ஏழு" என்றது கரியாத்தா.

ஏழு தண்ணீர் கழுவிய சோற்றைத் தும்பையன் முதுகில் தடவியது. கரியாத்தா கண்ணை மூடிக்கொண்டது. எரிச்சல் மெல்ல மெல்ல இறங்கியது. பதினெட்டு நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அது நிம்மதியாக அசை போட்டது.

தினமும் இதே வேலைதான். காலையில் மடலைச் சாய்ப்பது, பகலெல்லாம் காத்திருப்பது, சாயங்காலம் கழுவித் தடவுவது. காத்திருக்கிற நேரத்தில் கரியாத்தா சும்மா இருக்கவில்லை. வேரோடு பெயர்ந்து கிடந்த கற்றாழைக் கன்றுகளைச் செவலி காட்டிய இடத்தில் வைத்து, குளம்பால் மண்ணை அமுக்கியது. தோல் வறட்சி நீங்கி மிருதுவானது. உரிந்த இடத்தில் புதுத்தோல் பொடித்தது.

அமாவாசை வந்தது. காலையில் தும்பையன் மரக்கிளையில் உட்கார்ந்து கீழக்காட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தது. கரியாத்தா அதையே பார்த்துக்கொண்டு நின்றது. கேட்கவும் பயம். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"கிளம்பிட்டியாடா?"

தும்பையன் பறந்து வந்தது. முதுகுக்கு மேலே சிறகடித்து நின்று, ஒற்றைக் காலை மட்டும் மெதுவாக ஊன்றியது.

"எரியுதாக்கா?"

"இன்னொரு காலையும் வைடா" என்றது கரியாத்தா.

நோய் தீர்க்கும் நல்ல மருந்தும், அதற்குரிய முறையைப் பொறுமையோடு செய்பவருக்கே பலன் தரும். அவசரப்படுபவருக்கு அதுவே துன்பமாக முடியும்.