புள்ளிக்குப் பின்னால் ஓர் ஐந்து

“இதுக்குப் பேரு விசையா மேடம்?” என்றார் ஞானசிகாமணி.

மெஹருன்னிசா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஐந்நூறு மைக்ரோ நியூட்டன். ரெண்டு அரிசியை உள்ளங்கையில வச்சா எவ்வளவு அழுத்துமோ அவ்வளவுதான். இத வச்சா சாட்டிலைட்டைத் தள்ளப் போறோம்?” என்று அவரே தொடர்ந்தார்.

ஞானசிகாமணிக்கு ஐம்பத்தாறு வயது. ராக்கெட் இன்ஜின்களைப் பற்றவைத்துச் சோதிக்கும் மேடையில் தலை நரைத்தவர். அங்கே எல்லாம் மெகா நியூட்டன் கணக்கு; ஒரு மெகா என்றால் பத்து லட்சம்.

மெஹருன்னிசா அவரைவிட இருபது வயது இளையவர். விண்ணில் சுற்றும் செயற்கைக்கோளை நகர்த்தத் தெரிந்தவர். அந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஞானசிகாமணி தானாகவே கேட்டு அவரிடம் வந்திருந்தார்.

அன்று கடலில் புயல். குளச்சல் படகுகள் பல இன்னும் கரை சேரவில்லை. புயல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது அந்தச் சின்னச் செயற்கைக்கோள்தான்.

அதன் பாதையில் பழைய ராக்கெட்டின் உடைசல் ஒன்று குறுக்கே வந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை மோதும்.

செயற்கைக்கோளைத் தள்ளி நகர்த்தும் பெரிய த்ரஸ்டரின் வால்வு சிக்கிக்கொண்டது. மிச்சம் இருந்தது அந்த ஐந்நூறு மைக்ரோ நியூட்டன் தரும் சின்ன த்ரஸ்டர் மட்டும்.

“சாயங்காலம் சாட்டிலைட் மறுபடி நம்ம தலைக்கு மேல வரும்லா? அப்போ பெரிய த்ரஸ்டரையே இன்னொரு தடவை முயற்சி பண்ணுவோம்” என்றார் ஞானசிகாமணி.

“அப்பவும் வால்வு திறக்கலைன்னா? சின்னதை வச்சுத் தள்ள அப்புறம் நேரம் பத்தாது.”

சின்ன த்ரஸ்டரை இயக்கும் கட்டளை மேலே போக இருவர் பொத்தானை அழுத்த வேண்டும். அன்றைய முறை இவர்கள் இருவருடையது. மெஹருன்னிசா அழுத்திவிட்டார். ஞானசிகாமணி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இன்னும் சில நிமிடங்களில் செயற்கைக்கோள் அடிவானத்துக்குக் கீழே போய்விடும்.

“அண்ணாச்சி, அந்த விசையை உங்க கணக்குல எழுதுங்க. மெகாவுல.”

“இப்பவா?”

“இப்பவேதான்.”

அவர் பலகைக்குப் போனார். ஒரு பூஜ்ஜியம், ஒரு புள்ளி. பிறகு பூஜ்ஜியமாகவே போனது. மார்க்கர் கிறீச்சிட்டது. நடுவில் நிறுத்தி, விரலால் எண்ணிப் பார்த்து, மறுபடி எழுதினார்.

0.0000000005

“பாத்தீங்களா? ஒண்ணுமே இல்ல. வெறும் பூஜ்ஜியம்.”

மெஹருன்னிசா டஸ்டரை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“அப்போ அந்த அஞ்சை அழிச்சிருங்க.”

ஞானசிகாமணி வாங்கினார். பலகையில் வைத்தார்.

கை நகரவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்: “மேடம், சிக்னல் போகுது!”

மெஹருன்னிசா திரும்பவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

“உங்க மேடையில அவ்வளவு மெகா நியூட்டன். இன்ஜின் எவ்வளவு தூரம் போச்சு அண்ணாச்சி?”

“எங்க போகும்? கான்கிரீட்டுல போல்ட் போட்டுல்லா இறுக்கி வச்சிருப்போம். ஒரு இம்மி நகரக் கூடாது.”

“மேல சாட்டிலைட்டை யாரு இறுக்கி வச்சிருக்கா?”

 

ஞானசிகாமணியின் கையிலிருந்து டஸ்டர் தரையில் விழுந்தது. ஓடிவந்து பொத்தானை அழுத்தினார்.

சிக்னல் அறுந்தது.

கட்டளை போய்ச் சேர்ந்ததா? சாயங்காலம் வரை தெரிய வழியில்லை.

யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். அது ஆடை கட்டிக் கிடந்தது.

“போயிருக்குமா மேடம்?”

“தெரியாது.”

“போகலைன்னா?”

மெஹருன்னிசா செயற்கைக்கோள் மறுபடி வரும் நேரத்தைத் திரையில் இன்னொரு தடவை பார்த்தார். 

வெயில் சாய்ந்தபோது சிக்னல் வந்தது.

செயற்கைக்கோள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் இல்லை. சில கிலோமீட்டர் விலகியிருந்தது. விலகிக்கொண்டும் இருந்தது.

இரவு முழுக்க யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

காலையில் உடைசல் வந்தது. எதுவும் இல்லாத வெற்று வெளியைக் கடந்து போனது. அடுத்த புயல் படம் வழக்கம்போல வந்து இறங்கியது. புயல் வடக்கே திரும்பியிருந்தது. படகுகளுக்குச் செய்தி போனது.

யாரோ கைதட்டினார்கள். ஞானசிகாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டார். த்ரஸ்டரை நிறுத்தும் கட்டளைக்கு அவர்தான் முதலில் அழுத்தினார். மெஹருன்னிசா அடுத்து அழுத்தினார்.

“முடிஞ்சுது மேடம். நிறுத்தியாச்சு.”

“எதை?”

“விசையை.”

“சாட்டிலைட் நின்னுச்சா?”

ஞானசிகாமணி திரையைப் பார்த்தார். விலகிய தூரத்தைக் காட்டும் எண் ஏறியது. மறுபடி ஏறியது. இப்போது அதை எதுவும் தள்ளவில்லை. ஆனாலும் ஏறிக்கொண்டே இருந்தது.

“இத நிப்பாட்ட என்ன செய்யணும்?”

“எவ்வளவு நேரம் தள்ளினோமோ, அவ்வளவு நேரம் எதிர்ப்பக்கம்.”



ஞானசிகாமணி போனை எடுத்து வீட்டுக்கு அழைத்தார்.

“இன்னைக்கும் வரமாட்டேன்” என்றார்.