குருவி காட்டிய எல்லை

பறவையும் மனிதரும் ஒரே பேச்சில் சண்டை போட்டுக்கொண்ட காலம் அது. நாணற்பாக்கத்தை அப்போது யாரும் புறநகர் என்று சொன்னதில்லை. இப்போது சொல்கிறார்கள். யாருக்குப் புறம்? எங்களுக்கு நகரம்தான் புறம்!

ஊரை ஒட்டிப் பெரிய ஏரி. கார்த்திகையில் அது நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வாயில் வழிகிற அன்று, அலை எங்கே வந்து தொடுகிறதோ அங்கே ஊரார் பனங்கொட்டை ஊன்றுவார்கள். அந்தப் பனைவரிசைதான் ஏரிக்கு எல்லை. அதற்குள்ளே ஒருவரும் குடிசை போடமாட்டார்கள்.

இன்று ஆள்காட்டி என்கிறோமே, அந்தக் குருவி அப்போது ஏரிக்குள் கோரைப்புதரில் கூடு கட்டியிருந்தது. சத்தமே போடாத குருவி. மதகு திறக்கும் கன்னியம்மா அதனிடம் சொல்லிவைத்திருந்தாள்: "ஏரி எதுவரைக்கும்னு எவன் கேட்டாலும் பனையைக் காட்டு. கோடைத் தண்ணியைக் காட்டிடாதே."

வைகாசியில் ஏரி குட்டையாய்ச் சுருங்கிக் கிடந்தபோது, ஏகாம்பரம் என்ற அளவுக்காரர் சங்கிலியும் இரண்டு வண்டிக் கல்லுமாக வந்தார்.

"ஏரி எதுவரைக்கும்?"

"பனை வரைக்கும்" என்றது குருவி.

"தண்ணி இங்க இருக்கு, ஏரி அங்க இருக்குமா? இந்தத் தண்ணியைச் சுத்தி நடந்து காட்டு. உன் புதரைத் தொடமாட்டேன். இல்லேன்னா முதல் கல்லு அங்கதான்."

புதருக்குள் நாலு முட்டை. குருவி வாயைத் திறக்கவில்லை. நடந்தது. அதன் காலடித் தடத்தின்மேலேயே அவர் கல் நட்டார், பாவி!

பனைகள் விழுந்தன. மண் கொட்டி மேடாக்கி மனை போட்டு, மழைக்கு முன்னே அவசரமாய் வீடுகளும் எழுப்பி, 'ஏரிக்கரை நகர்' என்று பெயரும் வைத்தார்கள். கொன்றவர்களே தங்கள் பிள்ளைக்குச் செத்தவன் பெயரை வைத்த கதை. இதைக் கேட்டு வயிறு எரியாதவன் எங்கள் ஊர்க்காரனே இல்லை.

குருவி பத்திரமாக இருப்பதாய் நினைத்து அதே புதரில் மறுபடியும் முட்டையிட்டது.

ஐப்பசியில் மழை பிடித்தது. தண்ணீர் தன் வீட்டுக்கு வந்தது, வீட்டைக் காணோம். இருந்த கொஞ்ச இடத்தில் முழு ஏரியும் எழுந்து நின்றது. முதலில் போனது கோரைப்புதர்தான். அப்புறம் வெள்ளம் புது வீடுகளுக்குள் ஏறியது, ஊருக்குள்ளும் ஏறியது.

ஊரார் ஏகாம்பரத்தைப் பிடித்து உலுக்கினார்கள். "குருவி காட்டுச்சு, நான் நட்டேன். என்னை ஏன் கேக்கறீங்க?" என்று அவர் கையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

கன்னியம்மா இடுப்பளவு தண்ணீரில் வந்து நின்றாள். "இன்னாத்துக்குடி காட்டுன?"

"என் முட்டைக்காக."

"இப்ப முட்டையும் இல்ல, ஏரியும் இல்ல. அன்னிக்கு ஒரு கத்து கத்தியிருந்தா ஊரே ஓடியாந்திருக்குமேடி!"

குருவிக்கு அப்போது வந்த ஆத்திரத்தில் கண்ணோரம் சிவந்து தடித்தது. இன்னும் ஆறவில்லை. எந்தப் புதரையும் அது மறுபடி நம்பவில்லை. மனைக்கல்லுக்குப் பக்கத்திலேயே வெறுந்தரையில் முட்டையிட்டது.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான்: காலி மனை பார்க்க யார் வந்தாலும் ஆள்காட்டி அவர் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. வந்தவரோ அதைக் கையால் விரட்டிவிட்டு, "இங்க மழைக்குத் தண்ணி நிக்குமா?" என்று தரகரிடம் கேட்கிறார்.