வசுமதி வெட்டிய பள்ளம்

“என் மைதானத்துக்கு உங்க பேரைப் போட்டுக்கட்டுமா மேடம்?”

கேட்டுவிட்டு அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

அறுபத்தொரு வயது அவருக்கு. நெடுஞ்சாலைத் துறையில் ஓய்வு பெற்ற பிறகு, தன்னைவிடப் பத்து வயது இளைய வசுமதியிடம் கோல்ஃப் மைதானம் அமைக்கக் கற்றுக்கொண்டவர். அவருடைய முதல் மைதானம் திறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

“என்ன ஆச்சு சார்?” என்றார் வசுமதி.

“ஆடுறவங்களுக்குச் சவாலா இருக்கட்டும்னு ஒரு திருப்பத்துல மணல் பள்ளம் வச்சேன். பந்து அதுல விழுந்தா, ‘எவன்யா இதைக் கொண்டுவந்து இங்க வெட்டுனது’ங்கிறாங்க. என் பேரைச் சொன்னா, ‘யாரு அது’ங்கிறாங்க. இதே பள்ளம் நீங்க வெட்டுனதுன்னா கும்பிட்டுட்டுப் போவாங்க. ரெண்டு வாரமா ஒருத்தரும் வரல. இழுத்து மூடிடலாம்ங்கிறார் முதலாளி.”

வசுமதி கார் சாவியை எடுத்தார்.

வசுமதியின் பெயர்பெற்ற மைதானம் மலைமேல் இருந்தது. தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, சரிவில் கிடந்த பெரிய மணல் பள்ளத்தருகே அருளப்பனை நிறுத்தினார்.

இரண்டு பேர் ஆடிக்கொண்டே வந்தார்கள். ஒருவரின் பந்து பள்ளத்துக்குள் விழுந்தது. நான்கு முறை அடித்தும் வெளியே வரவில்லை. ஐந்தாவது அடியில் மணல்தான் பறந்தது.

“வசுமதி வசுமதிதான்யா!” என்றார் அவர், முகத்து மணலைத் துடைத்தபடி. “எங்க கொண்டுவந்து வச்சிருக்காங்க பாரு. எவ்வளவு யோசிச்சிருப்பாங்க!”

“இதுல தோக்கறதுக்குன்னே சென்னையிலருந்து வர்றாங்களாம்,” என்றார் மற்றவர்.

சிரித்துக்கொண்டே போனார்கள்.

அருளப்பன் அவர்கள் போன பக்கம் கையை நீட்டினார். “பாத்தீங்களா மேடம்? இதைத்தான் நானும் சொல்றேன்.”

“நான் யோசிக்கவே இல்ல சார்.”

வசுமதி செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார்.

“சின்னமாயன்னு ஒருத்தர். இங்க மண் வெட்டுற வண்டி ஓட்டுனார். ‘நேத்து மழையில மண்ணு ஊறிக் கெடக்கும்மா, ரெண்டு நாள் போகட்டும்’னார். திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாச்சு, வெட்டுங்கன்னேன். மதியத்துக்குள்ள சரிவு மொத்தமா இறங்கிடுச்சு. வண்டியோட உள்ள போயிட்டார்.”

அருளப்பன் மெல்ல அவரருகே உட்கார்ந்தார்.

“அவர் உடம்பைத் தோண்டி எடுத்ததுக்கு அப்புறம் கெடந்த பள்ளம் இது. மூடச் சொல்ல எனக்கு வாய் வரல. மணலைக் கொட்டிட்டாங்க.”

“யார்கிட்டயும் நீங்க சொல்லலையா?”

“திறப்பு விழா மேடையிலயே சொன்னேன். இந்தப் பள்ளம் என் தப்புன்னு. ‘எவ்வளவு அடக்கம் பாருங்க’ன்னு கைதட்டுனாங்க. அதுக்கு மேல சொல்ல எனக்குத் தெம்பில்ல.”

எதிர்ச்சரிவில் யாரோ பந்தடிக்கும் சத்தம் கேட்டது.

விளிம்பில் ஒரு கருங்கல் நட்டிருந்தது. ‘வசுமதி’ என்று அதில் ஆழமாகச் செதுக்கியிருந்தார்கள். வேறு ஓர் எழுத்துகூட இல்லை.

“போன மாசம் சின்னமாயன் சம்சாரம் வந்தாங்க,” என்றார் வசுமதி. “எழுதப் படிக்கத் தெரியாது. இந்தக் கல்லைத் தடவித் தடவிப் பாத்தாங்க. ‘எங்க வீட்டுக்காரர் பேருதானம்மா இது?’ன்னு கேட்டாங்க.”

அருளப்பன் கல்லைப் பார்த்தார்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஆமாம்னு சொன்னேன்.”