எஸ்றாவுக்கு ஓர் இடம்

கல்லறைத் தோட்டத்தில் அமைதி குடிகொண்டிருப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். இந்தப் பிழையை இனியும் வளரவிடுவது தகாது. ஊர்ச் சண்டைகளில் பாதி அங்கேதான் குடியிருக்கிறது. ஐயமுள்ளவர்கள் கல்லறைக் கமிட்டிக் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்து பார்க்கலாம்.

கிருபையூர்க் கல்லறைத் தோட்டத்தின் சாவி உபதேசியார் அருமைநாயகத்திடம் இருந்தது. சபைப் போதகரை அங்கே ஐயர் என்பார்கள்; அவருக்குத் துணையாகச் சபை வேலை பார்ப்பவர் உபதேசியார். மாசிலாமணி ஐயரைவிட உபதேசியார் வயதில் மூத்தவர். ஆனாலும் வேதத்தில் சந்தேகம் வந்தால் சீடனாக ஐயர் முன்னால்தான் போய் நிற்பார்.

அன்று காலை எஸ்றா இறந்துபோனார். ஒரு காலத்தில் உபதேசியாரோடு ஒரே பாடகர் குழுவில் பாடியவர். பிறகு, தலையில் தண்ணீர் தெளித்துத் தரும் இந்தச் சபை ஞானஸ்நானம் செல்லாதென்று, ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனார். சும்மா போகவில்லை. "உமக்குத் தெளிச்ச தண்ணில ஒரு கொத்தமல்லிகூட முளைக்காது வேய்" என்று கடைத்தெருவில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் இருவருக்கும் பேச்சில்லை.

எஸ்றாவின் சபைக்குத் தகரக் கொட்டகைதான் உண்டு, கல்லறை கிடையாது. அவர் மனைவி சாராள் ஐயர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"உங்க சபையில இடம் கேக்கல ஐயரே. மண்ணுலதான் கேக்கேன். வெயில் ஏறுது."

அங்கே இருந்த உபதேசியார் குறுக்கே விழுந்தார். "நம்ம ஞானஸ்நானமே செல்லாதுன்னவரு. இடம் குடுத்தா, அவர் சொன்னத ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா ஐயரே? ஒற்றுமைன்னா எல்லாத்துக்கும் தலையாட்டுறதா?"

ஐயர் நிறையப் படித்தவர். இருந்தும் கேள்விக்கு உடனே பதில் சொல்லமாட்டார். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது அபூர்வம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். மற்ற இருவரும் பின்னால் போனார்கள். உபதேசியார் கதவைத் திறந்தார். ஐயர் வந்து நின்றால் திறக்காமலிருக்க அவருக்குத் தெரியாது.

"நாம எந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கோம், உபதேசியாரே?"

"மேற்க. ஆண்டவர் கிழக்கேருந்து வருவாரு. எந்திரிச்சதும் அவர் முகத்தப் பாக்கணும்லா."

"சாராளம்மா, உங்க சபையில?"

"அதேதான் ஐயரே."

"அப்ப கிடத்துறதுல தகராறு இல்ல."

உபதேசியார் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி. வேலியோரம், எருக்கஞ்செடிப் பக்கம் வெட்டிக்கிடட்டும்."

ஐயர் வேலியோரம் போகவில்லை. நடுவில் உபதேசியார் மனைவியின் கல்லறை இருந்தது. அதை ஒட்டி உபதேசியார் தமக்கென்று ஓர் இடம் விட்டுவைத்திருந்தார். அந்த இடத்துக்கு மறுபக்கம் போய், ஐயர் குதிகாலால் மண்ணில் கோடு கிழித்தார்.

"ஐயரே, அது எனக்குப் பக்கத்துல."

"ஆமா."

"ஆண்டவர் வாற வரைக்கும் இவர் பக்கத்துலயா நான் கிடக்கணும்?"

"தெளிக்கிறதா முக்குறதான்னு ஒரு பேச்சு பாதியில நிக்குல்லா," என்றார் ஐயர். "அத முடிக்க உங்க ரெண்டு பேருக்கும் அவ்வளவு நாள் வேணும்."

அழுதுகொண்டிருந்த சாராள் இடையில் சிரித்தும்விட்டாள். உபதேசியார் கோட்டைப் பார்த்தபடி நின்றார். பிறகு மண்வெட்டிக்குக் கை நீட்டினார்.

அவர் வெட்டிய குழி வழக்கத்தைவிட ஒரு சாண் அகலமாக அமைந்தது. எஸ்றா அகலமான ஆள்.