பூனை ஊற்றிய பச்சைத்தண்ணீர்

அந்தக் காலத்தில், சேவலும் எருமையும் பூனையும் மனிதர்களோடு சரிக்குச் சரி வாயடித்துக்கொண்டிருந்தபோது, மலையடிவாரத்தில் ஊதக்காட்டுப்பாளையம் என்று ஓர் ஊர் இருந்தது. கார்த்திகை பிறந்ததும் மலையிலிருந்து இறங்கும் ஊதக்காற்று, தை முடிகிற வரைக்கும் அந்த ஊரை விட்டுப் போகாது. விடியற்காலையில் கல்தொட்டித் தண்ணீரில் கையை விட்டவர்கள், விரல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். அதனால் குளியலைத் தள்ளிப் போடுவதில் ஊரே கெட்டி. "நேத்துத்தான் குளிச்சேன்" என்று ஒருவர் சொன்னால், எந்த நேற்று என்று யாரும் கேட்பதில்லை. கேட்கிறவர் கதையும் அதேதான்.

அந்த ஊருக்குப் பாவாயி வாக்கப்பட்டு வந்தாள். நாச்சிமுத்துவின் மனைவி. சீதனமாக அவள் கொண்டு வந்தது ஒரு பெரிய செம்பு அண்டா. வந்த மறுநாளே பொடக்காணியில், அதாவது வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற இடத்தில், மூன்று கல்லைக் கூட்டி அண்டாவைத் தூக்கி வைத்தாள். அடியில் பன்னாடையைப் போட்டுப் பற்றவைத்து, தென்னை மட்டையைத் தள்ளி, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதினாள். கொஞ்ச நேரத்தில் அண்டா 'ம்ம்ம்' என்று பாட ஆரம்பித்தது.

நாச்சிமுத்து பயந்து பயந்துதான் முதல் சொம்பை ஊற்றிக்கொண்டான். அதற்குப் பிறகு அவனை அங்கிருந்து கிளப்புவது பெரும்பாடாகிவிட்டது. ஒருவழியாகத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அவன் முகம் கல்யாணத்தன்று இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது.

சுடுதண்ணீரின் பெருமை ஒரு நாளில் வீடு முழுக்கப் பரவியது. மறுநாள் காலையில் சேவல் வந்து நின்றது.

"ஊரையே எழுப்பி உடறவன் நானுங்க. எனக்கு முதல் சொம்பு வேணுமுங்க" என்றது.

"அப்ப பாலு கறக்கறது நீயா, நானா?" என்று எருமை அதைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது.

பூனையோ மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் முன்பே குளித்து முடித்திருந்தது. அந்தக் காலத்துப் பூனைக்குத் தண்ணீர் என்றால் உயிர். காலையில் ஒரு குளியல், பொழுது சாய ஒரு குளியல், நடுவில் யாராவது குளித்தால் துணைக்கு ஒரு குளியல்.

இத்தனை பேருக்கும் ஊற்றிக்கொடுத்த பாவாயிக்கு ஒரே ஒரு குறை. விடிவதற்கு முன்னே எழுந்து, மட்டை பொறுக்கி, தண்ணீர் சுமந்து, அடுப்பு ஊதுகிறவள் அவள். ஆனால் அவள் முறை வரும்போது அண்டாவின் அடியில் உள்ளங்கையளவு தண்ணீர்தான் கிடக்கும். அதிலும் பாதி சேவலின் இறகு. வேறு வழியில்லாமல் கல்தொட்டித் தண்ணீரைப் பல் கிட்டிக்க ஊற்றிக்கொள்வாள். வாக்கப்பட்டு வந்ததிலிருந்து ஒரு நாள்கூட அவள் முதுகில் சுடுதண்ணீர் பட்டதில்லை. யாரிடம் சொல்வது? சொன்னால், "அட, நாளைக்குப் பாத்துக்கலாம் புள்ள" என்பான் நாச்சிமுத்து. நல்ல மனுஷன்தான். தன் முதுகு சூடானவனுக்கு அடுத்தவர் முதுகு நினைவுக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

குறைந்த அண்டாவில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் காய்ச்சினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். அதை மட்டும் பாவாயி ஒத்துக்கொள்ளவே மாட்டாள். "காயற தண்ணியில பச்சத்தண்ணி உழுந்தா சூடு செத்துப் போயிரும். அண்டாவுல எவனாச்சும் பச்சத்தண்ணி ஊத்தினீங்க, கை இருக்காது, சொல்லிப்போட்டேன்" என்று முதல் நாளே கண்டித்துச் சொல்லியிருந்தாள். அவள் பிறந்த வீட்டில் அப்படித்தான் சட்டம். அங்கே அப்பன், அம்மா, அவள், தம்பி சின்னாண்டி என்று நாலே பேர். ஒரு அண்டா தாராளமாகப் போதும். சட்டம் சரியா தப்பா என்று பார்க்க வேண்டிய தேவையே அங்கே வந்ததில்லை.

இப்படி இருக்கையில், தை மாதத்தில் சின்னாண்டிக்குக் கல்யாணம் வைத்தார்கள். அந்தப் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள்தான் இணைச்சீர் செய்ய வேண்டும். தலைக்குக் குளித்து, புதுச் சேலை கட்டி, தம்பி பக்கத்தில் அவள் வந்து நின்று சீர் செய்யாமல் தாலி ஏறாது. சின்னாண்டியைத் தூக்கி வளர்த்தவள் பாவாயி. இந்த நாளை எண்ணியே எத்தனையோ நாள் சிரித்திருக்கிறாள்.

ஆனால் பச்சைத்தண்ணீரில் குளித்துக் குளித்து அவளுக்கு மூக்கடைத்து, குரல் கம்மி, உடம்பு கணகணவென்று கிடந்தது. இன்னொரு தரம் ஊதக்காற்றில் பச்சைத்தண்ணீரை ஊற்றிக்கொண்டால் காய்ச்சலில் படுத்துவிடுவாள். அப்புறம் யார் கல்யாணம், யார் சீர்?

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் எல்லாரையும் பொடக்காணிக்குக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு ஒருநாள், ஒரே ஒருநாள், யாரும் அண்டாவைத் தொடக் கூடாது. நான் தலைக்குத் தண்ணி வாத்துக்கோணும். என்ற தம்பி கல்யாணமுங்க" என்றாள் கம்மிய குரலில்.

"ஐயோ, இதுக்குப் போயி கெஞ்சோணுமா?" என்றது எருமை. சேவல் தன் கொண்டை மேல் சத்தியம் செய்தது. நாச்சிமுத்து, "எவன் தொடறான்னு நானும் பாக்கறேன்" என்று மீசையை முறுக்கினான்.

"காவலுக்கு நான் இருக்கறேனுங்க அக்கா" என்றது பூனை.

விடியற்காலையில் பாவாயி அண்டாவை ஏற்றிப் பற்றவைத்தாள். நெருப்பு நன்றாகப் பிடித்ததும் உள்ளே போய், கூந்தலை அவிழ்த்து, கரைத்து வைத்திருந்த அரப்பை எடுத்துத் தலை முழுக்க அப்பித் தேய்க்க ஆரம்பித்தாள். வெளியே அண்டா பாடுவது கேட்டது. அவளுக்கும் பாட வேண்டும்போல இருந்தது.

அந்த நேரத்தில்தான் சேவல் பொடக்காணிக்கு வந்தது. கல்யாண வண்டி கிளம்பும்போது தானே கூவி வழியனுப்ப வேண்டும், தொண்டை திறக்க ஒரே ஒரு சொம்பு போதும் என்று பூனையிடம் சொன்னது. ஒரு சொம்பில் என்ன குறைந்துவிடும் என்று பூனையும் விட்டது. அடுத்து எருமை வந்தது. அதுவும் ஒரே ஒரு சொம்புதான் கேட்டது, ஆனால் எருமையின் சொம்பு என்பது ஒரு வாளி. அப்புறம் மீசையைத் தடவிக்கொண்டு நாச்சிமுத்து வந்தான். "மாப்பிள்ளைக்கு மச்சானாக்கும் நான். அழுக்கா போயி நின்னா உங்கக்காவுக்குத்தான் கேவலம்" என்றான். வீட்டுக்காரரை எப்படித் தடுப்பது?

எல்லாரும் போன பிறகும் அண்டாவில் கால்வாசி இருந்தது. ஆவி பறந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டு பார்த்தது, திறந்துகொண்டு பார்த்தது. இவ்வளவு நேரம் குளிரில் காவல் காத்த உடம்பு. ஒரே ஒரு சொம்பு, அவ்வளவுதானே? முதல் சொம்பு இதமாக இருந்தது. இரண்டாவது சொம்பு அதைவிட இதமாக இருந்தது. அதற்கப்புறம் பூனைக்குக் கணக்கு மறந்துவிட்டது.

உள்ளே பாவாயிக்குச் சட்டென்று ஏதோ சரியில்லை என்று பட்டது. அண்டா பாடுவதை நிறுத்தியிருந்தது. அதற்குப் பதில் 'டிக், டிக்' என்று சுடுகிற செம்பின் சத்தம். தலையில் அரப்பு வழிய வழிய ஓடி வந்தாள்.

வந்தவள் கண்டது இதைத்தான். அண்டாவின் அடியில் ஒரு கை தண்ணீர். கீழே நெருப்பு திகுதிகுவென்று எரிகிறது. சொட்டச் சொட்ட நனைந்த பூனை, பயத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல், கல்தொட்டியிலிருந்து ஒரு குடம் பச்சைத்தண்ணீரை மொண்டு அண்டாவில் கவிழ்த்துக்கொண்டிருக்கிறது!

'சொய்ய்ங்' என்று ஆவி எழும்பிப் பொடக்காணியையே மறைத்தது.

"அடப் பாவி! கெடுத்துப்போட்டயே!" என்று கத்தினாள் பாவாயி. கையில் அகப்பட்ட கொட்டாங்குச்சியை எடுத்து வீசினாள். "இருந்த சூட்டையும் கொன்னுபோட்டயே!"

"அண்டா வெடிச்சுப் போயிருமோன்னு பயந்து ஊத்திப்போட்டேனுங்க அக்கா" என்று பூனை அழுதது.

வாசலில் வண்டி பூட்டியாகிவிட்டது. "ஏம் புள்ள, ஆச்சா? நேரமாவுது!" என்று நாச்சிமுத்து குரல் கொடுத்தான்.

பாவாயி துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அரப்பு அப்பிய தலையோடு எப்படிப் போவது? இந்த உடம்போடு பச்சைத்தண்ணீரை எப்படி ஊற்றுவது? தம்பி மணவறையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பானே என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அப்போது அண்டா, 'ம்ம்ம்' என்றது.

பாவாயி அழுகையை நிறுத்திக் காதைத் தீட்டினாள். எழுந்து போய் விரலை விட்டுப் பார்த்தாள். 'ஸ்ஸ்' என்று இழுத்துக்கொண்டாள்.

"சூடு சாவலியே!" என்றாள், யாருக்கென்று இல்லாமல். "ஏ பூனை, இன்னொரு குடம் ஊத்து!"

பூனைக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டுமா? செய்த தப்பைக் கழுவ ஒரு வழி கிடைத்ததே என்று தொட்டிக்கும் அண்டாவுக்கும் ஓடியது. குடம் குடமாக ஊற்றியது. நெருப்பு தணிந்தபோது மட்டையை இழுத்துப் போட்டது, சாம்பல் பறக்க ஊதியது. நனைந்த உடம்பில் ஊதக்காற்று அடித்தது. பச்சைத்தண்ணீர் அதன் மேல் சிந்திச் சிந்தி மீசைகூட விறைத்துப் போயிற்று. பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. இத்தனை நாளும் பாவாயி அக்கா பட்டது இதுதானா என்று அதற்கு அப்போதுதான் உறைத்தது.

அண்டா நிறைந்தது. ஆவி பறந்தது. பாவாயி வாளியில் மொண்டு விளாவி, முதல் சொம்பை முதுகில் ஊற்றினாள். முதுகிலிருந்து குதிகால் வரைக்கும் சூடு இறங்கியது. அடைத்த மூக்கு திறந்தது. கம்மிய குரல் திரும்பியது. அது திரும்பியது நமக்கு எப்படித் தெரியும் என்றால், பாடிக்கொண்டே குளித்தாள். வண்டியில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து, "இது யாரு பாடறது?" என்று மாட்டிடம் கேட்டானாம். "உங்க ஊட்டுக்காரிதானுங்க. தண்ணி கெடைச்சிருக்கும்" என்றதாம் மாடு. நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

குளித்துத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவள், கல்லோரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த பூனையைப் பார்த்தாள். கோபமெல்லாம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. அதை வாரித் தூக்கி, அடுப்போரத்தில் வெதுவெதுப்பாகக் கிடந்த சாம்பலில் கிடத்தினாள்.

"இந்த எடம் இனி உன்றது. எவனும் உன்னை எழுப்ப மாட்டான்" என்றாள்.

"சரிங்க அக்கா. ஆனா இனி தண்ணிப் பக்கம் என்னைக் கூப்புடாதீங்க. நான் நக்கியே சுத்தம் பண்ணிக்கறேன்" என்றது பூனை. சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டது.

வண்டி காற்றாய்ப் பறந்தது. முகூர்த்தத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள். பாவாயி புதுச் சேலையோடு தம்பி பக்கத்தில் நின்றபோது, "அக்கா, தலை இன்னும் ஈரமா இருக்குது" என்றான் சின்னாண்டி. "இருக்கட்டும்டா, சுடுதண்ணி ஈரம்" என்று சிரித்தாள்.

ஊர் திரும்பியதும் பழைய சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுச் சட்டம் போட்டாள். அண்டாவிலிருந்து ஒரு சொம்பு சுடுதண்ணீர் எடுக்கிறவர், எடுத்த கையோடு ஒரு சொம்பு பச்சைத்தண்ணீர் ஊற்ற வேண்டும். முதலில் ஊற்றியவன் நாச்சிமுத்து. இரண்டு சொம்பு ஊற்றினான், பழைய பாக்கிக்கும் சேர்த்து. எருமை தான் எடுக்கிற அளவை நினைத்துப் பார்த்து, "அவ்வளவு தண்ணி ஆரு சொமக்கறது?" என்று குளத்துக்கு நடந்தது. சேவல், "நானா? தண்ணி சொமக்கறதா?" என்று முறைத்துக்கொண்டு போய் மண்ணில் புரண்டது.

அன்று முதல்தான் எருமை குளத்தில் கிடக்கிறது, கோழி மண்ணில் குளிக்கிறது, பூனை தண்ணீரைக் கண்டால் ஓடி அடுப்புச் சாம்பலில் சுருண்டுகொள்கிறது. அது தூங்குகிறது என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். நீங்கள் சுடுதண்ணீர் மொள்ளும்போது ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறக்கும். உங்களுக்குப் பின்னால் குளிக்கப் போகிறவளுக்கு ஒரு சொம்பு ஊற்றினீர்களா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி மூடும்.