கொழிஞ்சியை விடாத முயல்

காட்டோரத் தரிசு ஒன்றில் கொழிஞ்சிச் செடி தானாகவே முளைத்து மண்டிக் கிடந்தது. ஒரு பாதியில் ஒரு முயல் தன் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. மறுபாதியில் ஒரு காடை தன் குஞ்சுகளோடு இருந்தது. இருவருக்கும் ஒரே பயம், மேலே வட்டமிடும் பருந்து!

முதல் மழை பெய்ததும் காட்டுப்பன்றி வந்தது.

"கொழிஞ்சி பூத்துடுச்சு. இப்பவே உழுது மண்ணுக்குள்ள புரட்டிடறேன். அது அழுகி உரமாகும். அப்புறம் கம்பு விதைங்க, ஆள் உயரம் வளரும்! கிடைக்கிற கோரைக்கிழங்கு எனக்குக் கூலி!" என்றது.

முயல் குட்டிகளை மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றது. "ஐயையோ! இந்தச் செடிதானே எங்களை மறைக்குது! பருந்து என் பிள்ளைகளை விட்டுவைக்குமா? கிட்ட வராதே!"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு, அக்கா" என்றது காடை. "ஆனா வெயில் ஏறினா இது காய்ஞ்சு குச்சியாயிடுமே! கம்பு வளர்ற வரைக்கும் ஓரத்து முள்வேலிப் புதருக்குள்ள ஒதுங்கிக்கலாம், வா!"

"அந்த முள்ளுக்குள்ளயா? காயும்போது பாத்துக்கலாம், போ!"

பன்றி காடையின் பாதியை மட்டும் உழுதது; காடை அதில் கம்பு விதைத்தது. காடைக் குடும்பம் முள்ளுக்குள் மூச்சுவிடவும் பயந்து கிடந்தது. முயலோ, "நல்லவேளை, தப்பிச்சோம்!" என்று குட்டிகளை நக்கிக்கொடுத்தது. பாவம், அதற்கு அப்படித்தான் தோன்றியது.

அழுகிய கொழிஞ்சியின் சத்தில் கம்பு கருகருவென்று ஓங்கியது. மழை நின்ற பிறகும் அந்த மண் ஈரம் காத்தது. காடை அதற்குள் குடிபுகுந்தது.

முயலின் பக்கம் கொழிஞ்சி காய் முற்றி இலை உதிர்த்தது. ஒவ்வொரு இலை விழும்போதும் முயல் குட்டிகளை இன்னும் நெருக்கி அணைத்தது.

"அசையாதீங்க! காதைக்கூட ஆட்டாதீங்க!"

ஒருநாள் உச்சிவெயிலில் வெறுந்தரைமேல் ஒரு நிழல் ஓடியது. அண்ணாந்து பார்க்க முயலுக்குத் துணிவில்லை.

"அம்மா, அது என்ன?" என்றது கடைக்குட்டி.

"ஓடுங்க! கம்பங்கொல்லைக்கு ஓடுங்க!"

தலைதெறிக்க ஓடின. பின்னால் இறக்கை அடிக்கும் சத்தம். ஒரு கீச்சுக்குரல். கம்புக்குள் விழுந்த பிறகுதான் முயல் திரும்பிப் பார்த்தது. இரண்டு குட்டிகள்தான் வந்திருந்தன.

காடை நகர்ந்து இடம் விட்டது.

உரிய காலத்தில் மண்ணுக்குக் கொடுக்கப் பயந்தவர், காலம் தவறிய பின் அதைவிடப் பெரியதை இழக்க நேரும்.