கம்பியில்லாத அடுப்பு

ஒரு குட்டித் தீவின் கடற்படைக்கு ரோந்துக் கப்பல் விற்க வெளிநாட்டு வியாபாரி ஒருவர் வந்தார். "எந்தப் புயலுக்கும் அசையாத கப்பல் இது. குறை கண்டுபிடிக்க இந்தச் சின்னப் படையில் ஆள் இருக்கிறதா?" என்று தளபதியிடமே சவால் விட்டார்.

கப்பலின் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான் படையின் சமையல்காரன் சவரியான். "ஐயா, அடுப்பைச் சுத்திக் கம்பியே இல்லையே. அலையடிச்சா சோத்துப் பானை எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்?"

"சமையல்காரனுக்குக் கப்பலைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் வியாபாரி.

"ஒண்ணும் தெரியாதுங்க. ஆழ்கடலுக்குப் போவோம். நான் உலை வைக்கிறேன், நீங்க அடுப்புப் பக்கத்துல நில்லுங்க."

ஆழ்கடல் என்றதும் வியாபாரி பின்வாங்கினார். அது ஏரியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய கப்பல், சாம்பல் வர்ணம் மட்டுமே புதுசு என்று ஒப்புக்கொண்டார்.

"சின்னப் படைதாங்க," என்றான் சவரியான். "ஆனா நாங்க நடுக்கடல்ல பொங்கித் திங்கிறவங்க."